நீர்க்காக்காவும் மீன்கார அக்காவும்

என் மேசைமேல் வந்து இறங்கிய அந்த அலுமினிய அன்னக்கூடையிலிருந்து முதலில் மீன் வாடைதான் வந்தது. தாம்பரத்தை ஒட்டிய ஒரு கால்நடை மருந்தகத்தில் நான் மருத்துவராகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு ஆடுகளும், கழுத்தில் புண்ணோடு ஒரு பசுவும், ஊசிக்கு முன்னதாகவே ஊளையிடத் தொடங்கிவிட்ட ஒரு வீட்டு நாயும் காத்திருந்தன. வரிசையைப் பொருட்படுத்தாமல் நேராக உள்ளே வந்த அந்தப் பெண், கூடையை மூடியிருந்த ஈரச் சாக்கை விலக்கினாள். உள்ளே ஒரு நீர்க்காகம். கறுத்த சிறகுகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தது. எதையோ பார்ப்பதற்காகப் பறவை தலையைத் திருப்புமே, அப்படியல்ல. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாத ஆட்டம்.

"இது ஆடு மாடு பாக்குற எடம்னு தெரியும். ஆனா இதுவும் உசுருதானே, டாக்டரம்மா? மூணு நாளா குடிச்சவன் மாதிரி கரையில தள்ளாடிகினு கீது. மீனு எதிர்லயே போவுது, புடிக்க மாட்டேங்குது" என்றாள்.

படிப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்த பறவை கோழிதான். தெரிந்ததைச் செய்தேன். குளுக்கோஸ் கலந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மதியத்துக்குள் செத்துவிட்டது. அறுத்துப் பார்த்தபோது அடிபட்ட காயம் இல்லை, தூண்டில் முள் இல்லை, இரைப்பையில் எதுவுமே இல்லை. மார்பெலும்பு கத்தி முனைபோலத் துருத்திக்கொண்டிருந்தது. மாலையில் வந்து கேட்டவளிடம், "சாப்பாடு இல்லாமல் செத்திருக்கிறது" என்றேன். "ஏரி பூரா மீனு கீது. அதுல ஒரு நீர்க்காக்கா பட்டினி கெடந்து சாவுமா? நீயே சொல்லு" என்றாள். அந்தக் கேள்வி என்னை அப்புறம் விடவே இல்லை.

அவளை எல்லோரும் மீன்கார அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கோவளம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். பீர்க்கன்கரணைக்கு அப்பாலிருந்த ஓர் ஏரியில் மீன்பிடிக்கும் உரிமை பெற்ற மீனவர் சங்கத்துக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவள். அவர் விடியற்காலையில் தெர்மாகோல் தெப்பத்தில் உட்கார்ந்து வலை இழுப்பார். அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் மார்க்கெட்டில் கடை போடுவாள். கெண்டை, ஜிலேபி, விரால். உயிருள்ள விராலைத் தண்ணீர் நிரப்பிய டப்பாவில் தனியாக வைத்திருப்பாள். பிள்ளை பெற்றவளுக்கு, ஆபரேஷன் ஆனவருக்கு, எலும்பு முறிந்தவருக்கு என்று ஆட்கள் அதைத் தேடிக்கொண்டு வருவார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும் அவளுக்கு. குரல் மட்டும் மார்க்கெட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒலிபெருக்கி இல்லாமலே போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஏரிக்கு அழைத்துப் போனாள். கரைமேல் ஏறி நின்றால் வடக்கே திருநீர்மலைக் கோபுரம் தெரிந்தது. மூன்று பக்கமும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருங்கியிருந்தன. நான்காவது பக்கம், மழைநீர் வந்துசேரும் கால்வாய். அதன் ஓரமாகப் பட்டறைகளும் தகரக் கொட்டகைகளும். ஏரி நடுவே மண்திட்டுகளில் கருவேல மரங்கள், அவற்றின்மேல் நீர்க்காகங்களின் கூடுகள். தெப்பத்தில் என்னை உட்காரவைத்து அக்காவே துடுப்புப் போட்டாள். ஒவ்வொரு கூடாகக் காட்டினாள். முட்டை இருந்தது. மேலே பறவை இல்லை. "போன வருசமும் இதே கததான். இட்டுட்டுப் போயிடுது. அடகாக்குற நெனப்பே இல்ல. தாய் மறந்துட்டாப்புல சுத்துது." பிறகு ஒரு கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தியைக் காட்டிப் பொறுமையாக இருக்கச் சொன்னாள். அது பாய்ந்தது. வெறும் அலகோடு மேலே வந்தது. மறுபடி பாய்ந்தது, மறுபடியும் வெறும் அலகு. நாலாவது முறையும் அப்படியே. "மீன்கொத்தி இத்தினி தபா குறி தப்பி எங்கனா பாத்துகிறியா? நான் பாத்ததில்ல" என்றாள். அவள் குரலில் இருந்தது கவலை மட்டுமல்ல. தன் ஏரிக்கு யாரோ சொல்லாமல் கொள்ளாமல் எதையோ செய்துவிட்டார்கள் என்ற கோபமும்கூட.

திரும்பும்போது கரையோர டீக்கடையில் உட்கார்ந்தோம். எதிர் பெஞ்சில், பக்கத்துக் கொட்டகையில் வேலை பார்க்கும் நடுத்தர வயது ஆள் ஒருவர் டீ வாங்கினார். இரண்டு கைகளாலும் கிளாசைப் பிடித்தார். அப்படியும் பாதி டீ சட்டையில் சிந்தியது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். குடிப்பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா திருப்பிக்கொள்ளவில்லை. என் முழங்கையில் இடித்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "டாக்டரம்மா, அந்தாளு கையப் பாரு. அந்தக் கையும் நான் கொண்டாந்த காக்கா கழுத்தும் ஒரே மாதிரி ஆடுதா இல்லியா?"

இத்தனை வருடங்களில் எத்தனையோ பெரிய மருத்துவர்கள் நோய் கண்டறிவதைப் பார்த்திருக்கிறேன். அந்த டீக்கடை பெஞ்சில் அவள் செய்ததற்கு ஈடாக ஒன்றைப் பார்த்ததில்லை.

அந்த ஆளிடம் அக்காவே பேச்சுக்கொடுத்தாள். ஒளிவுமறைவு இல்லாத மனிதர். ஒரு சொட்டுக் குடியில்லை என்றார். கொட்டகைக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் பழைய சாமான் வருமாம். ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவிகள், தெர்மாமீட்டர்கள், எரிந்துபோன டியூப் லைட்டுகள். உடைத்து உலோகத்தையும் பாதரசத்தையும் தனியாக எடுப்பது அவர் வேலை. "மிச்சத்த இன்னா பண்ணுவீங்க?" என்று அக்கா கேட்டாள். "தண்ணி வுட்டு அலசி வுட்டுருவோம்க்கா" என்றார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. கொட்டகையின் பின்சுவரை ஒட்டித்தான் கால்வாய் ஓடியது.

பாதரசம். கல்லூரியில் எப்போதோ ஒரு தேர்வுக்காகப் படித்ததெல்லாம் அன்று பஸ்ஸில் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அது தண்ணீரில் தங்காது. சேற்றில் போய் உட்காரும். அங்கேயிருக்கும் நுண்ணுயிரிகள் அதை இன்னும் கொடிய வேறொன்றாக மாற்றும். அதைப் பாசி எடுக்கும், பாசியைப் பூச்சி தின்னும், பூச்சியைச் சின்ன மீன், சின்ன மீனைப் பெரிய மீன். ஒவ்வொரு வாய்க்கும் அது கூடிக்கொண்டே போகும், லேசில் வெளியே போகாது. கடைசியில் விராலிலும், மீனைத் தின்னும் பறவையிலும் மொத்தமாகச் சேரும். சேர்ந்தது நரம்பைத் தாக்கும். கழுத்து ஆடும், குறி தப்பும், முட்டையை மறக்கும்.

ஆனால் நான் நினைத்தால் போதாதே. என்னோடு படித்த தோழி ஒருத்தி நகரத்தில் ஓர் ஆய்வகத்தில் இருந்தாள். அவள்தான் வழி சொன்னாள். பறவையைக் கொல்ல வேண்டாம், இறகு போதும். உடம்பில் சேரும் பாதரசத்தைப் பறவை இறகில்தான் இறக்கி வைக்கும் என்றாள். அக்கா ஒரே வாரத்தில் கூட்டுக்கடியில் உதிர்ந்து கிடந்த இறகுகளைப் பொறுக்கிச் சேர்த்துவிட்டாள். எந்த மரம், எந்த நாள் என்று அவள் சொல்லச் சொல்ல, அவளுடைய மருமகள் காகித உறைகளில் அழகான கையெழுத்தில் எழுதினாள். அந்தப் பெண் அப்போது ஐந்து மாதம். உறைகளையும், ஐஸில் வைத்த கெண்டையையும் விராலையும் எடுத்துக்கொண்டு தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். மகளிர் பெட்டியில் என்னைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது.

முடிவு வந்தது. இறகில் பாதரசம் இருந்தது. கெண்டையில் கொஞ்சம், விராலில் அதைவிடப் பல மடங்கு. தோழி போனிலேயே சொன்னாள்: "கர்ப்பிணிகள் யாராவது இதைச் சாப்பிடுகிறார்களா என்று முதலில் பார்."

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் இரண்டு நாள் அக்காவிடம் போகவில்லை. அரசு வேலை. மாட்டு டாக்டர் மாட்டைப் பார்க்காமல் ஏரி விஷயத்தில் ஏன் தலையிடுகிறாய் என்று மேலதிகாரி ஒருவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். போதாததற்கு, உன் மீனை விற்காதே என்று ஒரு மீன்காரியிடம் எந்த முகத்தோடு சொல்வது? அந்த இரண்டு நாளும் அந்த வீட்டில் விரால் குழம்பு கொதித்திருக்கும். மருமகளின் தட்டில் நடுத்துண்டு விழுந்திருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மூன்றாம் நாள் மார்க்கெட்டுக்குப் போனேன். கூட்டமான நேரம். அவளை ஓரமாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வவுத்துல இருக்குற கொயந்தைக்கும் போவுமா?"

"போகும் அக்கா."

அவள் கடைக்குத் திரும்பிப் போனாள். ஓர் அம்மா விராலைக் காட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா டப்பாவை மூடினாள். "இது வாணாம்மா. இந்த ஏரி மீனுல வெசம் கீது. நான் குடுத்தாலும் நீ துன்னாத" என்றாள். அவளுடைய குரல்தான் தெரியுமே. வரிசையில் இருந்த எல்லாக் கடைகளுக்கும் கேட்டது.

பக்கத்துக் கடைக்காரி, "ஏய், பைத்தியமாடி உனக்கு? எங்க பொழப்பையும் சேத்து பேஜாராக்குறியே!" என்று கத்தினாள். அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து ஏரி மீன் என்றாலே ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். எந்த ஏரி என்று யாரும் கேட்கவில்லை. அக்காவின் கடைக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. தண்ணீர்க் குடம் கடன் கேட்டால்கூடக் கொடுக்கவில்லை. வீட்டில் அவள் கணவர் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. வலையைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போனார். அக்கா பிறந்த ஊர்ப் பக்கம் போய், கரை சேரும் படகுகளிலிருந்து மத்தியும் காரப்பொடி மீனும் வாங்கிவந்து விற்றாள். ஏரி மீன் விற்ற இடத்தில் கடல் மீனை விற்கும்போது அவள் கூவவில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

பறவைக்கு இறகு போல மனிதருக்கு முடி; மருமகளின் தலைமுடியில் கொஞ்சம் வெட்டித் தோழியிடம் கொடுத்தோம். சாதாரண அளவைவிடக் கூடுதல்தான், ஆனால் பயப்படும் அளவுக்குப் போகவில்லை, இத்தோடு நிறுத்தினால் உடம்பு தானாக வெளியேற்றிவிடும் என்றாள். செய்தி சொல்லப் போன என்னை, அக்கா கட்டிப்பிடித்துக்கொண்டாள். உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் எழுந்து வந்தார். "எந்த ஆபீசுக்குப் போவணும்னு சொல்லு டாக்டரம்மா, நானும் வரேன்" என்றார்.

திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் நாளில் போனோம். அக்கா, அவள் கணவர், கை நடுங்கும் அந்தக் கொட்டகைத் தொழிலாளி, நான். ஒரு நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் போனேன். அதிகாரி கெட்டவர் இல்லை. கோப்பைப் புரட்டிவிட்டு, "ஏரித் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தாயிற்றே, எந்தக் குறையும் இல்லை என்று அறிக்கை இருக்கிறதே" என்றார். நான் வாயெடுப்பதற்குள் அக்கா முன்னால் போனாள்.

"தண்ணியப் போய் இன்னாத்துக்கு சார் கேக்குற? அது நேத்து வந்து நாளைக்குப் போவுறது. அங்கியே பொறந்து அங்கியே துன்னதக் கேளு" என்றாள். பையைத் திறந்து, உறை உறையாக இறகுகளை அவர் மேசைமேல் அடுக்கினாள். "இது மேட்டு மரம். இது கெயக்கு மரம். இது கால்வா ஓரம். கால்வாக்குக் கிட்ட போவப் போவ வெசம் ஏறிகினே வருது பாரு, சார், டாக்டரம்மா எழுதிக்கீது." பிறகு தொழிலாளியின் கையைப் பிடித்து இறகுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். கை மேசைமேல் தடதடவென்று ஆடியது. மேலிருந்த ஓர் இறகும் சேர்ந்து ஆடியது. "ஏரிய மூடாதன்னு சொல்ல நான் வரல. மூடு. நானே கேக்குறேன், மீன் புடிக்கக் கூடாதுன்னு மூடு. ஆனா அந்தக் கொட்டாயையும் மூடு. இந்த மன்சனுக்கு வைத்தியம் பண்ணு."

மீன் விற்றுப் பிழைக்கும் ஒருத்தி தன் ஏரியை மூடச் சொல்லிக் கேட்டதை அந்த அறையில் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வாரமே சேற்றை அள்ளிச் சோதித்தார்கள். கால்வாய் ஓரத்துச் சேறு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள். முதலாளி வழக்குப் போட்டார், இழுத்தடித்தார், தோற்றார். தொழிலாளிகள் அத்தனை பேரையும் அரசு மருத்துவமனையில் சோதித்தார்கள். ஏரியில் மீன்பிடிக்கத் தடை போட்டு, கரையில் பலகை நட்டார்கள். கோடையில் நீர் வற்றியதும் கால்வாய் வாயில் இருந்த சேற்றை வெட்டி, மூடிய டிரம்களில் அடைத்து, அதற்கென்று உள்ள இடத்துக்குக் கொண்டுபோனார்கள். லாரிகள் போய்வந்த நாள் முழுவதும் அக்கா கரையில் நின்றாள். சிந்திய இடத்தைக் கைநீட்டிக் காட்டி, "அதையும் அள்ளு!" என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். முகக்கவசம் போட்டிருந்த இன்ஜினீயர் மறுபேச்சில்லாமல் அள்ளச் சொன்னார்.

இதற்கிடையில் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதம் அது பார்வையைக் குவித்து என் காது ஜிமிக்கியைக் குறி வைத்துப் பிடித்து இழுத்தபோது, வலியில் என் கண்ணில் தண்ணீர் வந்தது. அக்கா கைதட்டிச் சிரித்தாள். "பாத்தியா, குறி தப்பல!"

ஏரிக்கு அவ்வளவு சீக்கிரம் குணமாகவில்லை. பாதரசம் வந்த வேகத்தில் போகிற பொருளில்லை. எனக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகியது. ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை தபாலில் உறைகள் வரும். அதே அழகான கையெழுத்து, உள்ளே இறகுகள். தோழிக்கு அனுப்புவேன். முதல் வருடம் பெரிய மாற்றம் இல்லை. அடுத்ததில் கொஞ்சம் இறக்கம். பெருமழை பெய்து ஏரி வழிந்தோடிய வருடத்துக்கு அப்புறம் நல்ல இறக்கம். ஒரு கார்த்திகை மாதக் காலையில் அக்கா போன் செய்தாள். "டாக்டரம்மா, கெளம்பி வா" என்றாள். என்னவென்று கேட்டால் சொல்லவில்லை. மறுபடி ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போய் வந்து சேர்ந்தேன். கரை ஏறுவதற்கு முன்பே அந்தச் சத்தம் கேட்டது. நூறு வாய்கள் ஒரே நேரத்தில் இரை கேட்டுக் கத்தும் சத்தம். கருவேல மரங்கள் பறவைகளால் கறுத்துப் போயிருந்தன. ஒவ்வொரு கூட்டிலும் மூன்று, நான்கு குஞ்சுகள் கழுத்தை எட்டி எட்டி நீட்டின. பெரியவை பறந்து வந்து இறங்க, குஞ்சுகள் அவற்றின் தொண்டைக்குள் தலையையே நுழைத்தன. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று தலைக்குமேல் போனது. அதன் இரைச்சல் எங்களுக்குக் கேட்கவே இல்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அழுதோம், இரண்டு பேரும் சிரித்தோம். எது முதலில் என்று நினைவில்லை.

போன ஆண்டு நான் மாற்றல் வாங்கித் தாம்பரத்துக்கே திரும்பி வந்தேன். இந்தத் தை மாதம் மீன்களை மறுபடி சோதித்து, விரால் உட்பட எல்லாம் சாப்பிடத் தக்கவை என்று எழுத்தில் கொடுத்து, ஏரியைச் சங்கத்துக்குத் திறந்துவிட்டார்கள். முதல் வலை இழுத்த விடியலில் நானும் கரையில் இருந்தேன். அக்காவின் கணவருக்குத் தலை நரைத்துவிட்டது; ஆனால் வலையை வீசியபோது அது வட்டம் பிசகாமல் விரிந்தது. இழுக்க இழுக்க, நீர்க்காகங்கள் கூட்டமாக வந்து வலையின் ஓரத்திலிருந்தே மீனைக் கொத்திக்கொண்டு போயின. அவர் விரட்டக் கையை ஓங்கினார். "வுடுய்யா, துன்னட்டும்! நமக்கு முன்னாடி அதுங்கதான் காத்துகினு இருந்துச்சி" என்று கரையிலிருந்து குரல் வந்தது. அவர் கையை இறக்கிக்கொண்டார்.

ஏழு மணிக்கு மார்க்கெட். பழைய இடம். அன்று அவளைத் திட்டிய பக்கத்துக் கடைக்காரி தன் தட்டை நகர்த்தி இடம் விட்டாள். குடத்திலிருந்து தண்ணீரும் மொண்டு தெளித்தாள். அக்கா தார்ப்பாயை விரித்தாள், மீனைக் கொட்டினாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். யாராவது வாங்குவார்களா என்று நான் போகிற வருகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் குனிந்து, "எந்த ஏரி?" என்று சந்தேகமாகக் கேட்டார். ஏழெட்டு வருடங்களாக மத்தியையும் காரப்பொடியையும் வைத்துக்கொண்டு வாய்மூடி உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள். அவருக்கு மட்டும் அவள் பதில் சொல்லவில்லை. ரயில் நிலையப் படிக்கட்டில் இறங்குகிறவர்களுக்கும், பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுக்கும், அந்தக் கடைசி வரிசையில் கருவாடு விற்கிறவளுக்கும் சேர்த்துச் சொன்னாள்:

"நம்ம ஏரி மீனு! வாங்கம்மா வாங்க, நம்ம ஏரி மீனு!"